உயர்வு வந்த பிறகு மனத்தாழ்மையோடு இருப்பது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக இங்கே வைத்துவிடுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் புரியும். பல வருஷம் உழைத்த இடத்தில் இப்போது உங்களுக்குப் பெரிய பொறுப்பு கிடைத்திருக்கிறது. உங்கள் மேலாளர்தான் உங்கள் பெயரைச் சொல்லி விடாப்பிடியாக நின்றிருக்கிறார். அவர் விசுவாசி அல்ல. வேலையிடத்திலும் பாராட்டு, சபையிலும் பாராட்டு. யாராவது புகழ்ந்தால் "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்கிறீர்கள். சொல்லும்போதே அது வாய்ப்பாடம் மாதிரி உங்களுக்கே கேட்கிறது. வெறுமனே "நன்றி" என்று நிறுத்தினாலோ, பெருமை வந்துவிட்டதோ என்று உறுத்துகிறது. இதற்கிடையில் வருகிற ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறார்கள். "மறுத்துவிடலாமா? சொன்னால் என்ன சொல்வது? நான் மாறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறீர்கள்.

சாட்சி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தப் பயம். அது வேண்டாத பயம் என்று சொல்ல மாட்டேன். நீதிமொழிகள் 27:21-இல் ஒரு வரி உண்டு: "வெள்ளிக்குக் குகையும், பொன்னுக்குப் புடமும் சோதனை, மனுஷனுக்கு அவனுக்கு உண்டாகும் புகழ்ச்சியே சோதனை." சோதனை என்றால் கஷ்டம் என்றே நாம் பழகிவிட்டோம். ஒருவருக்கு வியாதி வந்தால், வேலை போனால், சபையாகச் சேர்ந்து ஜெபிக்கிறோம். பதவி உயர்வு வந்தவருக்காக "இவர் இந்தச் சோதனையில் தேற வேண்டும் ஆண்டவரே" என்று யாரும் ஜெபித்து நான் கேட்டதில்லை. ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுகிறோம். நீங்கள் இப்போது புடத்துக்குள் இருக்கிறீர்கள். அது உங்களுக்கே தெரிந்திருக்கிறது, சந்தோஷம்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று பழமொழி. அதைக் கேட்டுக் கேட்டு, தலைக்கனம் அற்பர்களுக்கு வருகிற வியாதி, ஜெபிக்கிற நமக்கு வராது என்று ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. 2 நாளாகமம் 26-ஐ எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். உசியா 16 வயதில் யூதாவுக்கு ராஜாவானவன், 52 வருஷம் எருசலேமில் அரசாண்டவன். அவனை அற்பன் என்று யாரும் சொல்ல முடியாது. பெலிஸ்தரோடு யுத்தம் பண்ணினான், கோபுரங்கள் கட்டினான், வனாந்தரத்தில் துரவுகள் வெட்டினான், 3,07,500 பேர் கொண்ட சேனை வைத்திருந்தான். அவன் வெள்ளாண்மைப் பிரியன் என்றும் ஒரு குறிப்பு வருகிறது. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். படை, பட்டாளம், கோட்டை என்று எழுதிக்கொண்டு வந்தவருக்கு, நடுவில் இந்த ராஜாவுக்கு மண் என்றால் ஆசை என்றும் எழுதி வைக்கத் தோன்றியிருக்கிறது.

அப்புறம் 16-ஆம் வசனம்: "அவன் பலப்பட்டபோது, தனக்குக் கேடுண்டாகுமட்டும் அவனுடைய மனம் மேட்டிமையாகி..." இதற்கு முந்தின வசனத்தில்தான் அவனுக்கு ஆச்சரியமாய் உதவி கிடைத்தது என்றும், அதனால் பலப்பட்டான் என்றும் இருக்கிறது. உதவியால் பலம் வந்தது. பலம் வந்ததும் உதவி மறந்துபோனது. ஆசாரியர் மட்டுமே செய்யவேண்டிய தூபங்காட்டுதலைத் தானே செய்வதற்கு ஆலயத்துக்குள் போகிறான். அசரியா என்ற ஆசாரியனும் இன்னும் 80 ஆசாரியர்களும் பின்னாலேயே போய்த் தடுக்கிறார்கள். உள்ளே நுழைந்த உடனே அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். தூபகலசம் கையில் இருக்கிறது, "வெளியே போம்" என்று ஆசாரியர் சொல்கிறார்கள், அவனுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் நெற்றியில் குஷ்டம் தோன்றுகிறது. கலசத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பியிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆகவே, "நான் மாறிவிட்டேனா?" என்று உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டுமானால், புகழ்கிறபோது மனம் குளிர்கிறதா என்று பார்க்காதீர்கள். அது எல்லோருக்கும் குளிரத்தான் செய்யும். யாராவது தவறைச் சுட்டிக்காட்டும்போது முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றும் அந்த அதிகாரத்தில் ஒளிந்திருக்கிறது. சகரியா என்ற ஒருவருடைய நாட்களில் உசியா தேவனைத் தேடினான் என்று 5-ஆம் வசனம் சொல்கிறது. அதற்கப்புறம் அந்தப் பெயர் வருவதே இல்லை. சகரியா இறந்துபோனாரா, இவன் பெரிய ஆளான பின் அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டானா, வேதம் சொல்லவில்லை. ஆனால் உயரப் போகப் போக நமக்குப் புத்தி சொல்லும் உரிமையுள்ள ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நேற்றுவரை "ஏய், நீ செய்தது சரியில்லை" என்று சொன்னவர், இன்று "சார், நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்கிறார். தாவீது ராஜாவுக்கு நாத்தான் என்று ஒரு தீர்க்கதரிசி இருந்தான். அரண்மனைக்குள் வந்து, கதை சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல முடிந்தது. உங்களுக்கு அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே அவரிடம் பேசி, "நான் தப்பாகப் போவதைப் பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள்" என்று வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் இனி யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

சரி, பெருமைக்குப் பயந்து எதிர்ப்பக்கம் போய் விழுவதும் உண்டு. "நான் ஒன்றுமே செய்யவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்வது. நீங்கள் செய்தீர்கள். ராத்திரி கண்விழித்தீர்கள், கற்றுக்கொண்டீர்கள், மற்றவர்கள் விட்டுப்போன வேலையை முடித்தீர்கள். அதை இல்லை என்று சொன்னால் பொய்தானே? தவிர, அப்படிச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க, நீங்க எவ்வளவு..." என்று இன்னொரு முறை ஆரம்பிப்பார். அந்த இரண்டாவது பாராட்டுக்காகத்தான் முதல் பாராட்டை மறுத்தோமோ என்று நானே என்னைச் சந்தேகப்பட்டது உண்டு.

வாயால் மறுப்பது எவ்வளவு எளிது என்பதற்குக் கிதியோனைப் பாருங்கள். மீதியானியரோடு யுத்தத்துக்குப் போகுமுன் அவனுடைய 32,000 பேரை 300 ஆகக் குறைத்தபோது கர்த்தர் சொன்ன காரணமே, "என் கை என்னை ரட்சித்தது" என்று இஸ்ரவேல் வீம்பு பேசிவிடக்கூடாது என்பதுதான். ஜெயித்து வந்ததும் ஜனங்கள் நீரே எங்களை ஆளும் என்கிறார்கள். நான் ஆளமாட்டேன், என் மகனும் ஆளமாட்டான், கர்த்தரே ஆளுவார் என்கிறான். எவ்வளவு அழகான பதில்! நாம் பெரும்பாலும் அந்த வசனத்தோடு பிரசங்கத்தை முடித்துவிடுகிறோம். அடுத்த வசனத்தில் அவன் பொற்கடுக்கன்களைக் கேட்டு வாங்குகிறான். 1,700 சேக்கல் பொன் சேருகிறது. அதில் ஆசாரியர் அணிகிற மேலாடையான ஏபோத் ஒன்றைச் செய்து தன் ஊரில் வைக்கிறான். இஸ்ரவேல் எல்லாம் அதன் பின்னால் போய்க் கெடுகிறது. தன் மகன் ஒருவனுக்கு அவன் வைத்த பெயர் அபிமெலேக்கு. அந்தப் பெயருக்கு "என் தகப்பன் ராஜா" என்று அர்த்தம். வேண்டாம் என்று சொன்ன சிங்காசனம் வீட்டுக்குள் எங்கோ கிடந்திருக்கிறது.

"எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்ற வார்த்தைக்கு வருவோம். அந்த வார்த்தையில் தப்பில்லை. ஆனால் அதைச் சொன்னதால் மட்டும் தாழ்மை வந்துவிடாது. லூக்கா 18-இல் ஆலயத்தில் நின்ற பரிசேயன் ஜெபத்தை எப்படித் தொடங்குகிறான்? தேவனுக்கு நன்றி சொல்லித்தான். தன் நல்ல குணத்துக்குக் காரணம் தேவன் என்பதை அவன் மறுக்கவே இல்லை. அப்புறம் "இந்த ஆயக்காரனைப்போலவும்" நான் இல்லை என்று, அங்கே நின்ற வரி வசூலிக்கிறவனைத் திரும்பிப் பார்க்கிறான். கோளாறு அங்கேதான். ஸ்தோத்திரம் மேலே போகிறது, கண் மட்டும் பக்கவாட்டில் அளந்துகொண்டிருக்கிறது.

பவுல் இதைச் செய்கிற விதம் வேறு. 1 கொரிந்தியர் 15-இல் தன்னை அப்போஸ்தலர் எல்லாரிலும் சிறியவன் என்கிறார். சபையைத் துன்பப்படுத்தினவன் என்று காரணமும் சொல்கிறார். அடுத்த மூச்சிலேயே, "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்கிறார். இதைப் போய் நம் சபையில் யாராவது சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை: "ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது." உழைத்ததையும் மறைக்கவில்லை, உழைக்கிற பலம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை. உபாகமம் 8-இல் மோசேயும் இதைத்தான் சொல்கிறார். "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்" இதைச் சம்பாதித்தது என்று சொல்லாதே, சம்பாதிக்கிற பெலனைக் கொடுக்கிறவர் கர்த்தர் என்று நினைத்துக்கொள் என்கிறார். உனக்குக் கைப்பெலன் இல்லை என்று அவர் சொல்லவில்லை.

இசைமேதை பாக் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தன் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றின் தொடக்கத்தில் "இயேசுவே, உதவும்" என்ற அர்த்தமுள்ள லத்தீன் சொற்களின் முதலெழுத்துகளையும், முடிவில் "தேவனுக்கு மாத்திரமே மகிமை" என்பதன் முதலெழுத்துகளையும் எழுதிவைத்தார். எனக்கு இதில் பிடித்தது, அது எழுதப்பட்ட இடம். ஆலயத்தில் உட்கார்ந்து கேட்கிற ஒருவரும் அந்த எழுத்துகளைப் பார்க்கப் போவதில்லை. வாசிக்கிறவர்களும் பிரதி எடுக்கிறவர்களும் கண்டால் உண்டு. நீங்களும் அந்த வாக்கியத்தைக் கொஞ்ச நாளைக்கு ஆட்கள் முன்னால் குறைத்து, தனியாக இருக்கும்போது கூட்டிப் பாருங்கள். யாராவது பாராட்டினால் "ரொம்ப நன்றி, எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவரைப் பற்றி ஏதாவது கேளுங்கள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகு, அந்தப் பாராட்டை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள்: "இன்றைக்கு இன்னார் இப்படிச் சொன்னார். கேட்க நன்றாக இருந்தது. இதை நீர் வைத்துக்கொள்ளும்." சில நாட்களில் அந்த வாக்கியத்துக்கு மறுபடி உயிர் வருவதைக் காண்பீர்கள்.

இத்தனையும் சுற்றுப்புறம்தான். தாழ்மைக்கு அஸ்திவாரம் எது என்று கேட்டால், நான் யோவான் 13-ஐக் காட்டுவேன். சீஷர்களின் கால்களை இயேசு கழுவினார் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் இருக்கிற மூன்றாம் வசனத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும், தேவனிடத்திற்குப் போகிறதையும் இயேசு அறிந்து, போஜனத்தை விட்டு எழுந்திருக்கிறார். மேல்வஸ்திரங்களைக் கழற்றிவைக்கிறார். சீலையை எடுத்து அரையில் கட்டிக்கொள்கிறார். தண்ணீரை வார்க்கிறார். "அறிந்து" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தாம் யார் என்பதை மறந்துவிட்டு அவர் குனியவில்லை. தம்மைக் குறைவாக நினைத்துக்கொண்டும் குனியவில்லை. எல்லாம் தம் கையில் இருக்கிறது என்று தெரிந்த அந்தக் கையால்தான் கால் கழுவினார். எங்கிருந்து வந்தேன், எங்கே போகிறேன் என்பது தீர்ந்துபோன ஒருவருக்கு, இந்த அறையில் யார் பெரியவன் என்ற கணக்கு தேவைப்படவில்லை. அதே ராத்திரியில் சீஷர்கள் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்கிற கேள்வி இது: இந்தப் பதவி நாளைக்கே போய்விட்டால் நீங்கள் யார்? பதில் சட்டென்று வந்தால் பிழைத்தீர்கள். வராவிட்டால், தாழ்மையைப் பழகுவதற்கு முன்னால் கவனிக்க வேண்டிய இடம் அதுதான். வெற்றியில்தான் தன் மதிப்பு இருக்கிறது என்று நம்புகிறவரால் தாழ்மையாக இருக்கவே முடியாது. பாவம், அவருக்கு அது கட்டுப்படியாகாது. ஒவ்வொரு குறையும் அவருடைய அஸ்திவாரத்தில் விழுகிற அடி. லூக்கா 10-இல் 70 பேர் ஊழியத்துக்குப் போய் வெற்றியோடு திரும்புகிறார்கள். பிசாசுகள்கூடக் கீழ்ப்படிகின்றன என்று ஒரே ஆரவாரம். சந்தோஷப்படாதே என்று இயேசு அவர்களை அடக்கவில்லை. சந்தோஷத்தை இடம் மாற்றி வைக்கிறார். ஆவிகள் கீழ்ப்படிகிறதற்காகச் சந்தோஷப்படாமல், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்கிறார். முதலாவது அவர்கள் சாதித்தது, ஏறும் இறங்கும். இரண்டாவது அவர்கள் சாதித்ததே அல்ல.

அன்றைக்குக் கால் கழுவ விடமாட்டேன் என்று அடம்பிடித்த பேதுரு, பிற்காலத்தில் எழுதின நிருபத்தில் "மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்" என்கிறான். அந்த மூல கிரேக்கச் சொல்லுக்கு, வேலைக்காரன் மேலே ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்வது போன்ற பொருள் உண்டு. அரையில் சீலை கட்டின அந்த உருவம் அவன் கண்ணைவிட்டுப் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். தாழ்மை என்ற அந்தச் சொல்லே கிரேக்க, ரோம உலகில் கௌரவமான சொல் அல்ல. தாழ்ந்தவன் என்றால் அடிமைத்தனம், கேவலம். அதை ஒரு நற்குணமாகத் தூக்கி நிறுத்தியவர்கள் சிலுவையில் அறையப்பட்ட ஒருவரைக் கும்பிட்டவர்கள்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷமாக வாரத்தில் ஒரு மாலை வேதபாட வகுப்பு நடத்துகிறேன். ஒருமுறை உடம்பு முடியாமல் சில வாரம் போக முடியவில்லை. ஓர் இளைஞன் எனக்குப் பதிலாக நடத்தினான். திரும்பி வந்த அன்று, வழக்கமாக முன்னால் உட்காருகிற வயதான அம்மா ஒருவர், "தம்பி ரொம்ப நல்லா நடத்துது. ரூத் இப்பத்தான் எனக்குப் புரிய ஆரம்பிச்சிருக்கு" என்றார். அதற்கு முந்தின வருஷம் ரூத் புத்தகத்தை நான் எட்டு வாரம் நடத்தியிருந்தேன். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எத்தனை பேர் வந்தாங்க?" என்று கேட்டேன். நாலைந்து பேர்தான் என்ற பதிலுக்காக உள்ளே ஏதோ ஒன்று காத்துக்கொண்டிருந்தது. அவர் கபடமே இல்லாமல், "இடமே இல்லீங்க, வாசல் வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க" என்றார்.

"சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்" என்று பெண்கள் பாடினதும், அதைக் கேட்டு ராஜாவான சவுல் எரிச்சலடைந்ததும் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதே சவுல்தான் ஒரு காலத்தில் ராஜாவாக்கப்பட அழைத்தபோது தளவாடங்களுக்குள் போய் ஒளிந்துகொண்டவன். கூச்சம் வேறு, தாழ்மை வேறு என்பதற்கு அவனைவிட நல்ல உதாரணம் இல்லை. அவனுடைய மகன் யோனத்தானைப் பாருங்கள். பட்டத்துக்கு வரவேண்டியவன் அவன். தன் சால்வையையும் வஸ்திரத்தையும் பட்டயத்தையும் வில்லையும் கச்சையையும் கழற்றித் தாவீதுக்குக் கொடுத்தான். ஒரே வீடு, தாவீதின் அதே வெற்றி. தகப்பனுக்கு அது விஷம், மகனுக்கு அது நட்பின் தொடக்கம்.

அன்றிரவு ஜெபித்தேன். பொறாமை போகவில்லை, சும்மா சொல்லக்கூடாது. ஆனாலும் அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரங்களும் அந்த இளைஞனே நடத்தட்டும் என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு கேட்கிறவர்களோடு உட்கார்ந்தேன். முதல் இரண்டு வாரம் நோட்டில் எழுதியது எல்லாம் அவன் விட்ட பிழைகள். மூன்றாவது வாரம் அவன் ஒன்று சொன்னான். இரண்டாம் அதிகாரத்தில் போவாஸ், கர்த்தருடைய செட்டைகளின்கீழ் அடைக்கலமாக வந்த ரூத்துக்கு அவர் பலன் தருவாராக என்று வாழ்த்துகிறான். மூன்றாம் அதிகாரத்தில் ரூத் போவாஸிடம், உம்முடைய போர்வையை என்மேல் விரியும் என்கிறாள். தமிழில் செட்டை, போர்வை என்று இரண்டு சொற்கள். எபிரெயத்தில் இரண்டும் ஒரே சொல், கானாப். கர்த்தர் செட்டையை விரிப்பார் என்று வாழ்த்தினவனையே பார்த்து, அந்தச் செட்டை நீர்தான் என்று அவள் சொல்கிறாள். இது எனக்குத் தெரியாது. எட்டு வாரம் நடத்தியவனுக்குத் தெரியாது. எழுதிக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் யார் நடத்துகிறார்கள் என்பதே மறந்துபோயிருந்தது.

அதனால்தான் ஆரம்பத்தில், பயத்தைப் பற்றிப் பேசும்போதே, எதைப் பார்க்கக்கூடாது என்று சொன்னேன். "நான் தாழ்மையாக இருக்கிறேனா?" என்று நாள் முழுக்கத் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், அப்போதும் பார்ப்பது நம்மைத்தான். ரூத்தைப் பாருங்கள், அந்த இளைஞனைப் பாருங்கள், உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர் இந்த வாரம் ஏன் சோர்ந்திருக்கிறார் என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாழ்மை என்ற பெயரில் நல்லவர்கள் சுரண்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன். நியாயமான சம்பளம் கேட்பது பெருமை அல்ல. உங்கள் வேலையை வேறொருவர் தன் பெயரில் போட்டுக்கொண்டால் அமைதியாகச் சுட்டிக்காட்டுவதும் பெருமை அல்ல. பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் ரகசியமாக விட்டுவிடப் பார்த்தபோது, நாங்கள் ரோமர், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்று பவுல் சொல்லிவிட்டார். அதே பிலிப்பியருக்குத்தான் பின்னாளில், மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணுங்கள் என்றும் எழுதினார். அவருக்கு அந்த இரண்டும் மோதவில்லை.

புதிய பொறுப்பில் ஏதாவது ஒரு காரியம் உங்களை விடாமல் குத்திக்கொண்டே இருந்தால், அதையும் உடனே சாபமாக எண்ணிவிடாதீர்கள். தனக்குக் கிடைத்த வெளிப்பாடுகளின் மேன்மையால் தன்னை உயர்த்திக்கொள்ளாதபடிக்கு ஒரு முள் கொடுக்கப்பட்டது என்று பவுலே சொல்கிறார். மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது எடுபடவில்லை; "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது.

இப்போது சாட்சி. மறுக்க வேண்டாம். மறுத்தால் "எவ்வளவு தாழ்மை பாருங்கள்" என்று அதற்கும் ஒரு பாராட்டு வந்து சேரும். போய்ச் சொல்லுங்கள், சுருக்கமாக. கஷ்டத்தைப் பெரிதாக்கி வெற்றியை இன்னும் பெரிதாகக் காட்டுகிற அந்தப் பழக்கமான ராகம் வேண்டாம். இதே பதவிக்காக ஜெபித்தும் கிடைக்காத ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார் என்ற நினைவோடு பேசுங்கள். "விசுவாசித்தேன், கிடைத்தது" என்று நீங்கள் சொன்னால், அவருடைய விசுவாசத்தில் குறை என்றுதான் அவர் காதில் விழும். நடுவில் நீங்கள் சறுக்கின இடம் ஒன்று நிச்சயமாக இருக்கும். அதையும் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த மேலாளர். சிறையில் யோசேப்பு சொப்பனத்துக்கு அர்த்தம் சொன்னபடியே பார்வோனுடைய பானபாத்திரக்காரரின் தலைவனுக்குப் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்தது. நீர் வாழ்வடைந்திருக்கும்போது என்னை நினைத்துக்கொள்ளும் என்று யோசேப்பு கேட்டிருந்தான். அவன் நினைக்கவில்லை, இரண்டு வருஷம் யோசேப்பு உள்ளேயே கிடந்தான். அந்த மனுஷன் கெட்டவன் என்று வேதம் சொல்லவில்லை. வேலை திரும்பக் கிடைத்தது, மறந்துவிட்டான், அவ்வளவுதான். சாட்சிகளில் நாம் பெரும்பாலும் "கர்த்தர் வழியைத் திறந்தார்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளை விட்டுவிடுகிறோம், அவர் விசுவாசியாக இல்லாவிட்டால் நிச்சயமாக விட்டுவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை அவருடைய பெயரைச் சொல்லுங்கள். அவர் உங்களுக்காகப் பேசின அந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்றும் சொல்லுங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும், "நேற்று எங்கள் சபையில் உங்களைப் பற்றிப் பேசினேன்" என்று அவரிடமே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.